128 சிபியு சர்வரில் கெர்னல் எடுத்துக்கொள்ளும் மெமரியைக் குறைப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 128 சிபியு உள்ள ஒரு லினக்ஸ் சர்வர். பூட் ஆகி, பெரிய நிரல் எதுவும் ஓட ஆரம்பிக்கும் முன்பே பல ஜிபி மெமரி போய்விடுகிறது. ஓடும் நிரல்களின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அதில் கால்வாசிகூட வரவில்லை. மீதியைக் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கிறது என்றால், அதை எப்படிக் குறைப்பது?

பல சிபியு உள்ள கணினியில் கெர்னல் மெமரி என்பது பெரும்பாலும் ஒரு பெருக்கல் கணக்கு. ஏதோ ஒரு சின்ன அமைப்பின் அளவு ஒரு பக்கம், சிபியுக்களின் எண்ணிக்கை மறுபக்கம். நான்கு கோர் லேப்டாப்பில் கண்ணுக்கே தெரியாத ஒன்று 128 சிபியுவில் 32 மடங்காகி நிற்கும். அதனால் எது பெரிதாக இருக்கிறது என்று தேடுவதைவிட, எது எதனால் பெருக்கப்படுகிறது என்று தேடுவதுதான் பலன் தரும். பெருக்கும் எண்ணைக் குறைத்தால் ஒரே மாற்றத்தில் நூறு இடங்களில் மெமரி மிச்சமாகும். பெருக்கப்படும் பொருளைச் செதுக்கினால் அந்த ஓரிடத்தில் மட்டும்தான் மிச்சம்.

இப்படிச் சிபியுவுக்கொரு பிரதி வைப்பது வீண்செலவு அல்ல, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே கவுண்டரை 128 சிபியுவும் கூட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கவுண்டர் இருக்கும் 64 பைட் கேஷ் லைன் ஒவ்வொரு முறையும் ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு இடம் மாற வேண்டும். கோர்கள் கூடக்கூட வேலை வேகமாவதற்குப் பதில் மெதுவாகிவிடும். ஆளுக்கொரு கவுண்டர் கொடுத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. மொத்தம் வேண்டும்போது எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். அதாவது மெமரியைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம். வாங்கிய வேகம் நமக்கு உபயோகப்படாத இடங்களில் மட்டும்தான் கை வைக்க வேண்டும்.

முதலில் அளக்க வேண்டும். ப்ராக் கோப்பகத்தில் உள்ள மெம்இன்ஃபோ கோப்பைத் திறந்து ஸ்லாப் (கெர்னலின் சின்னச் சின்ன அமைப்புகளுக்கான மெமரி), கெர்னல்ஸ்டாக் (திரெடுகளுக்கான கெர்னல் ஸ்டாக்), பேஜ்டேபிள்ஸ் (நிரலின் எந்த முகவரி மெமரியில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைகள்), பெர்சிபியு (சிபியுவுக்கு ஒன்றாக வைக்கும் பிரதிகள்) ஆகிய வரிகளைப் பாருங்கள். ஸ்லாப் இரண்டாகப் பிரிந்திருக்கும்: திரும்பப் பெறக்கூடியது ஒன்று, பெற முடியாதது ஒன்று. முதலாவது பெரும்பாலும் கோப்புப் பெயர்களையும் ஐநோடுகளையும் (கோப்புகளின் விவரக் குறிப்புகள்) வைத்திருக்கும் கேஷ். தேவை வந்தால் கெர்னலே அதை விட்டுக்கொடுக்கும். அது பெரிதாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். இரண்டாவதுதான் கவனிக்க வேண்டியது. இவை எல்லாவற்றையும், நிரல்களின் மெமரியையும், பேஜ் கேஷையும் (படித்த கோப்புகளின் மெமரிப் பிரதி), காலியாக உள்ளதையும் கூட்டி மொத்தத்திலிருந்து கழியுங்கள். மீதி பெரிதாக இருந்தால், எந்த வரியிலும் சேராமல் டிரைவர்கள் நேரடியாகப் பக்கம் பக்கமாக (பக்கம் என்பது பொதுவாக 4 கேபி மெமரித் துண்டு) வாங்கி வைத்திருக்கின்றன என்று அர்த்தம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 6.10 கெர்னலிலிருந்து, கட்டமைக்கும்போது அந்த வசதியைச் சேர்த்திருந்தால், எந்தக் கோப்பின் எந்த வரி எவ்வளவு மெமரி வாங்கியது என்று காட்டும் அலாக்இன்ஃபோ கோப்பும் ப்ராக் கீழே இருக்கும். அது இருந்தால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

சரி, பெருக்கும் எண்ணுக்கு வருவோம். லினக்ஸ் சிபியுக்களை மூன்று விதமாக எண்ணுகிறது: இப்போது ஓடுபவை, கணினியில் இருப்பவை, இருக்கக்கூடியவை. பெர்சிபியு மெமரி மூன்றாவது எண்ணுக்கு ஒதுக்கப்படுகிறது. என்றைக்காவது ஒரு சிபியுவைச் செருகினால் அதற்கும் இடம் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக. நிஜ சர்வரில் பெரும்பாலும் மூன்றும் ஒன்றுதான். விர்ச்சுவல் மெஷினில்தான் வித்தியாசம் தெரியும். கொடுத்திருப்பது 4 சிபியு. ஆனால் விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் தன் ஃபர்ம்வேர் அட்டவணையில் 128 வரை சேர்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கும். பூட் பதிவில் எத்தனை சிபியு அனுமதிக்கப்படுகிறது, அதில் ஹாட்பிளக் (ஓடும்போதே செருகக்கூடியவை) எத்தனை என்று ஒரு வரி வரும், அதைப் பாருங்கள். சிஸ் கோப்பகத்தில் சிபியு சாதனங்களின் கீழே பாசிபிள் என்ற கோப்பிலும் அதே எண் இருக்கும்.

இதன் விலை என்ன? பொதுவான விநியோகக் கெர்னல் ஒன்றில் பூட்டின்போதே ஒரு சிபியுவுக்கு 256 கேபி ஒதுக்கப்படுவது சகஜம். 128க்கு அது 32 எம்பி. 4 சிபியுவுக்கு 1 எம்பி போதும். 512 ஜிபி சர்வரில் இது ஒன்றுமே இல்லை. 1 ஜிபி விர்ச்சுவல் மெஷினில் நன்றாகவே தெரியும். ஆனால் இது தொடக்கம்தான். பின்னால் ஓடும் நேரத்தில் யார் பெர்சிபியு மெமரி கேட்டாலும் இதே 128ஆல்தான் பெருக்கிக் கொடுக்கப்படும். சிபியுவைக் கூட்டும் எண்ணமே இல்லை என்றால் பூட் வரியில் (தொடங்கும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) என்ஆர்_சிபியுஸ் என்ற அளபுருவை உண்மையான எண்ணிக்கைக்கு வைத்துவிடுங்கள். என் அனுபவத்தில் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறு இல்லை. ஆனால் இருக்கும் சிபியுவைவிடக் குறைவாக வைத்தால் மற்றவை வேலைக்கே வராது, அதை மறந்துவிட வேண்டாம்.

கெர்னல் சிதைந்துவிழும்போது நினைவகப் படத்தை எடுத்துவைக்கும் கேடம்ப் அமைப்பு இதற்கு நல்ல உதாரணம். அதில் இரண்டாவது கெர்னல் ஒன்று முன்கூட்டியே ஒதுக்கிய சில நூறு எம்பிக்குள் பூட் ஆக வேண்டும். 128 சிபியுவுக்கான எல்லாவற்றையும் அது ஒதுக்க ஆரம்பித்தால் அந்த இடத்தில் அடங்காது. அதனால்தான் பல விநியோகங்களில் அந்தக் கெர்னலின் பூட் வரியில் சிபியு எண்ணிக்கை 1 என்றே எழுதியிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சிபியுவை ஆஃப்லைன் ஆக்கினாலோ ஹைப்பர்திரெடிங்கை நிறுத்தினாலோ இந்த மெமரி திரும்பி வருமா என்று பலர் கேட்பதுண்டு. வராது. அந்தச் சிபியுவின் ஸ்லாப் கேஷும் காலிப் பக்கப் பட்டியலும் விடுவிக்கப்படும். பெர்சிபியு பகுதி அப்படியே இருக்கும்.

அடுத்து, பூட் ஆன பின் பெர்சிபியு வரி ஏன் வளர்கிறது என்பது. கன்டெய்னர்கள் ஓடும் கணினியில் முதல் சந்தேகம் சிகுரூப்கள்மேல்தான் (நிரல்களைக் குழுவாக்கி அவற்றின் மெமரி, சிபியு பயன்பாட்டைக் கணக்கு வைக்கும் கெர்னல் வசதி) விழ வேண்டும். ஒவ்வொரு மெமரி சிகுரூப்பும் தன் புள்ளிவிவரங்களைச் சிபியுவுக்கு ஒன்றாக வைத்திருக்கிறது. ஒரு சிபியுவுக்கு 2 கேபி என்று வைத்துக்கொண்டால் 128 சிபியுவில் ஒரு சிகுரூப்புக்கு 256 கேபி; 2000 சிகுரூப்புக்கு 500 எம்பி. 2000 கன்டெய்னர் ஓடவில்லையே என்கிறீர்களா? ஓடத் தேவையில்லை. ஒரு கன்டெய்னர் முடிந்து அதன் சிகுரூப் அழிக்கப்பட்ட பிறகும், அது படித்த கோப்புகளின் பக்கங்கள் பேஜ் கேஷில் அதன் கணக்கில் இருக்கும்வரை கெர்னலுக்குள் அந்த சிகுரூப் சாகாமல் கிடக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை சின்ன வேலைகளைத் தொடங்கி முடிக்கும் கணினியில் இது ஆயிரக்கணக்கில் சேரும். சிகுரூப் மரத்தின் உச்சியில் உள்ள சிகுரூப்.ஸ்டாட் கோப்பில் இப்படிச் செத்தும் சாகாமல் இருப்பவற்றின் எண்ணிக்கை தனி வரியாக இருக்கிறது. அது ஆயிரங்களில் இருந்தால் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரிய துண்டு கிடைத்துவிட்டது. 5.19 முதல் உள்ள மெமரி.ரீக்ளெய்ம் கோப்பில் ஒரு அளவை எழுதி, அழிக்கும் முன்பே சிகுரூப்பின் பக்கங்களை விடுவிக்கச் சொல்லலாம். அதைவிட நல்லது, ஒரே மாதிரி வேலைகளுக்கு ஒவ்வொரு முறையும் புதிய சிகுரூப் உருவாக்காமல் இருப்பதையே திரும்பப் பயன்படுத்துவது.

இங்கே கெர்னல் பதிப்பும் முக்கியம். 5.9க்கு முன்பு ஒவ்வொரு மெமரி சிகுரூப்புக்கும் தனித்தனி ஸ்லாப் கேஷ்கள் (ஒரே வகை அமைப்புகளை அடுக்கிய மெமரித் துண்டுகளின் தொகுப்புகள்; அந்தத் துண்டுதான் ஸ்லாப்) இருந்தன. கேஷ் பெருக்கல் சிகுரூப் பெருக்கல் சிபியு என்று மூன்று எண்கள் பெருகும். பாதி காலியான ஸ்லாப்கள் எங்கும் சிதறிக் கிடக்கும். 2020இல் ரோமன் குஷ்சின் செய்த மாற்றத்துக்குப் பிறகு எல்லா சிகுரூப்களும் ஒரே ஸ்லாப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. நிஜ சர்வர்களில் ஸ்லாப் மெமரி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. அப்புறம் 5.14இல், பெர்சிபியு பகுதியில் பாதி காலியான துண்டுகளின் பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும் வசதியும் வந்தது. பழைய கெர்னலில் இருந்துகொண்டு அளபுருக்களைத் திருகுவதைவிட, கெர்னலை மாற்றுவது அதிகம் மிச்சப்படுத்தும்.

பிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் சின்ன நிரல்கள்) பயன்படுத்தும் தரவு அட்டவணைகளான மேப்களும் இதே வரியில்தான் சேரும். ஒரு கண்காணிப்புக் கருவி பெர்சிபியு ஹாஷ் மேப் ஒன்று வைத்திருக்கிறது. 10,000 பதிவுகள், ஒவ்வொன்றும் 64 பைட். எழுதியவர் மனதில் அது 640 கேபி. 128 சிபியுவில் அது சுமார் 80 எம்பி, அதுவும் ஒரு பதிவுகூட வராத நிலையில், ஏனென்றால் இயல்பாக முன்கூட்டியே எல்லாம் ஒதுக்கப்பட்டுவிடும். முன்ஒதுக்கீடு வேண்டாம் என்ற கொடியோடு மேப்பை உருவாக்கினால் வந்த பதிவுகளுக்கு மட்டும் செலவாகும். பிபிஎஃப்டூல் மேப்களைப் பட்டியலிடும்போது ஒவ்வொன்றும் எடுக்கும் அளவையும் காட்டும். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ்களும் (கன்டெய்னருக்குத் தனி நெட்வொர்க் தரும் வசதி) அப்படியே: ஒவ்வொன்றுக்கும் ஐபி, டிசிபி, யுடிபி கவுண்டர்கள் சிபியுவுக்கு ஒரு தொகுதி.

ஸ்லாப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பெருக்கல் பிரச்சினையின் வரலாறே அங்கேதான் இருக்கிறது. 1994இல் ஜெஃப் பான்விக் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்துக்காக வடிவமைத்த ஸ்லாப் ஒதுக்கீட்டு முறையை லினக்ஸும் எடுத்துக்கொண்டது. பின்னால் வேகத்துக்காக ஒவ்வொரு சிபியுவுக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு நூமா கணுவுக்கும் (சில கோர்களும் அவற்றுக்கு அருகிலுள்ள மெமரியும் சேர்ந்த தொகுதி) ஒரு வரிசை, ஒரு கணுவிலிருந்து இன்னொரு கணுவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றுக்கு இன்னொரு வரிசை என்று சேர்ந்துகொண்டே போனது. ஆயிரம் பிராசசர்கள் கொண்ட எஸ்ஜிஐ நிறுவனத்தின் கணினிகளில் இந்த வரிசைகளுக்கு மட்டுமே பல ஜிபி முடங்கியது. உள்ளே இருக்கும் பொருட்களுக்கு அல்ல, அவற்றைச் சுட்டும் பட்டியல்களுக்கு. அந்த எரிச்சலில்தான் அங்கே வேலை பார்த்த கிறிஸ்டோஃப் லாமீட்டர் 2007இல் ஸ்லப் என்ற மாற்று மெமரி ஒதுக்கியை எழுதினார். வரிசைகளை நீக்கிவிட்டு, சிபியுவுக்கு ஒரு நடப்பு ஸ்லாப் மட்டும் வைத்தார். கடைசியில் 2024இல் வந்த 6.8இல் பழைய ஸ்லாப் ஒதுக்கியின் நிரலே கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

ஆனால் ஸ்லப்பிலும் பெருக்கல் உண்டு. ஒரு ஸ்லாப் குறைந்தது எத்தனை பொருட்களை வைத்திருக்க வேண்டும் என்பதை அது சிபியு எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒரு சிபியு என்றால் 8 பொருட்கள். 128 என்றால் 36. 1 கேபி பொருளுக்கு முதல் கணக்கில் 8 கேபி ஸ்லாப் போதும். இரண்டாவது கணக்கில் இயல்பான உச்சவரம்பான 32 கேபியை அது தொட்டுவிடும். சிபியு கூடியதால் ஸ்லாப்பும் பெரிதாகிறது, அந்தப் பெரிய ஸ்லாப் சிபியுவுக்கு ஒன்று என்றும் ஆகிறது. அதிகம் உபயோகத்தில் உள்ள 200 கேஷ்களும் ஒவ்வொரு சிபியுவிலும் ஒரு 32 கேபி ஸ்லாப்பைப் பிடித்து வைத்தால் 800 எம்பி. நிஜத்தில் இந்த எல்லை வரை போவது அரிது, ஆனால் போகும் திசை இதுதான்.

குறைக்க மூன்று வழி. பூட் வரியில் ஸ்லப்_மேக்ஸ்_ஆர்டர் மதிப்பை 1 அல்லது 0 ஆக்கினால் ஸ்லாப்கள் சின்னதாகும். பெரிய அடுத்தடுத்த பக்கங்களுக்காகக் கெர்னல் திணறுவதும் குறையும். பதிலுக்கு, பொதுப் பட்டியலைக் காக்கும் பூட்டுக்கு (லாக்) சிபியுக்களிடையே போட்டி கூடும். இரண்டாவது, சிஸ் கோப்பகத்தில் கெர்னல், ஸ்லாப் என்று இறங்கினால் ஒவ்வொரு கேஷுக்கும் சிபியு_பார்ஷியல் என்ற கோப்பு (சிபியு தன்னிடம் வைத்துக்கொள்ளும் பாதி காலியான ஸ்லாப்களுக்கான வரம்பு) இருக்கும். ஸ்லாப்டாப் கட்டளை காட்டும் பெரிய கேஷ்களுக்கு மட்டும் அதைக் குறைக்கலாம். மூன்றாவது, பாதுகாப்புக்காக யாராவது ஸ்லாப்_நோமெர்ஜ் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரே அளவுள்ள கேஷ்கள் இணைவதை அது தடுக்கும். கேஷ் எண்ணிக்கை கூடும், எல்லாம் சிபியுவால் பெருகும். எடுக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் பாதுகாப்புத் தேவையைப் பொறுத்தது. நானாக இருந்தால் பலரும் நுழையும் கணினியில் அதைத் தொட மாட்டேன்.

இனி எந்த வரியிலும் சேராத அந்த மீதி. பெரும்பாலும் அது நெட்வொர்க் கார்டு. இன்றைய டிரைவர்கள் பல, சிபியுவுக்கு ஒரு பெறும் வரிசை என்று தாமாகவே வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வளையம்; வளையத்தின் ஒவ்வொரு இடத்துக்கும் வரப்போகும் பாக்கெட்டுக்கான பஃபர் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்க வேண்டும். 128 வரிசை, வளையத்தில் 1024 இடம், இடத்துக்கு ஒரு 4 கேபி பக்கம்: பெருக்கினால் 512 எம்பி. இரண்டு போர்ட் இருந்தால் 1 ஜிபி. ஒரு பாக்கெட்கூட வராதபோதே இது போய்விடும். பெரிய ஃபிரேம்களை இயக்கியிருந்தால் இன்னும் கூடலாம். ஈத்டூல் கட்டளையில் சின்ன எல் விருப்பத்தால் இப்போதைய வரிசை எண்ணிக்கையையும், சின்ன ஜி விருப்பத்தால் வளைய அளவையும் பார்க்கலாம். அதே எழுத்துகளின் பெரிய வடிவத்தால் மாற்றலாம். 128 வரிசையை 16 ஆக்கினால் 512 எம்பி 64 எம்பி ஆகிவிடும். கார்டு செருகியிருக்கும் நூமா கணுவில் உள்ள சில கோர்களே முழு வேகத்தையும் தாங்கும் கணினிகளில் இதனால் வேகம் குறைவதில்லை. வளைய அளவில் மட்டும் நிதானம் வேண்டும்: அதைச் சுருக்கினால் திடீர் நெரிசலில் பாக்கெட்டுகள் விழும். முதலில் வரிசைகளைக் குறையுங்கள், விழுந்த பாக்கெட் கவுண்டரைச் சில நாள் பாருங்கள், பிறகு வளையத்தை யோசிக்கலாம்.

என்விஎம்இ டிஸ்குகளிலும் (வேகமான எஸ்எஸ்டி வகை) இதே கதை. சாதனம் அனுமதித்தால் சிபியுவுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஆயிரத்துச் சொச்சம் கோரிக்கை அமைப்புகள், எல்லாம் முன்ஒதுக்கீடு. ஒரு கோரிக்கைக்கு 500 பைட் என்று வைத்தால் டிஸ்குக்கு 60 எம்பிக்கு மேல். 24 டிஸ்கு இருந்தால் 1.5 ஜிபி. அந்த டிரைவரின் வரிசை ஆழ அளபுருவை 1024லிருந்து 256 ஆக்கினால் கால்பங்காகும்.

ட்ரேஸ் பஃபரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கெர்னலுக்குள் நடப்பதைப் பதிவு செய்யும் எஃப்ட்ரேஸ் முதன்முறை பயன்படுத்தப்படும்போது சிபியுவுக்கு 1408 கேபி எடுக்கும். 128க்கு 176 எம்பி. யாரோ என்றோ ஒருமுறை இயக்கிவிட்டு நிறுத்தியிருந்தாலும் பஃபர் அப்படியே இருக்கும். பஃபர் அளவுக் கோப்பில் சின்ன எண்ணை எழுதினால் திரும்பி வரும். கெர்னல் திரெடுகளின் ஸ்டாக் ஒவ்வொன்றும் 16 கேபி. சிபியுவுக்கு ஐந்தாறு இருந்தாலும் பத்துப் பதினைந்து எம்பிதான், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

சிபியுவால் பெருகாத, ஆனால் பெரிய கணினியில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்கும் செலவு ஒன்று உண்டு. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட் விவரம் வைத்திருக்கிறது. 1 டிபி மெமரிக்கு அது 16 ஜிபி. டேட்டாபேஸ் மாதிரி நிரலுக்கு நிலையான பெரிய பக்கங்களை ஒதுக்கியிருந்தால், 5.14 முதல் ஹியூஜ்டிஎல்பி_ஃப்ரீ_விமெம்மேப் என்ற பூட் அளபுருவை ஆன் செய்து இந்த விவரத்தில் பெரும்பகுதியை மீட்கலாம். 1 ஜிபி பக்கங்களாக 512 ஜிபி ஒதுக்கினால் ஏறக்குறைய 8 ஜிபி திரும்பக் கிடைக்கும். பேஜ்டேபிள்ஸ் வரிக்கும் அதே மருந்துதான். 64 ஜிபி பகிர்வு மெமரியை 4 கேபி பக்கங்களாக முழுவதும் தொடும் ஒவ்வொரு பிராசஸுக்கும் 128 எம்பி பேஜ் டேபிள் வேண்டும். கோர்கள் நிறைய இருக்கின்றனவே என்று 300 பிராசஸ் ஓட்டினால் 37 ஜிபிக்கு மேல். பெரிய பக்கங்களுக்கு மாறினால் இந்தச் செலவு கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

கடைசியாக, கெர்னல் மாட்யூல் எழுதுபவராக இருந்தால் உங்களுக்கு மட்டும். கணினிக்கு ஒன்றே ஒன்றாக இருக்கும் அமைப்பில் பெர்சிபியு கவுண்டர் வைப்பதில் தவறே இல்லை. இணைப்புக்கு ஒன்று, கோப்புக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று என்று உருவாகும் அமைப்பில் வைக்கும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். கெர்னலின் மையத்திலேயே இந்த விலை கொடுக்கப்பட்டிருக்கிறது: 6.2 முதல் ஒவ்வொரு பிராசஸின் மெமரி கணக்குக்கும் நான்கு பெர்சிபியு கவுண்டர்கள். 128 சிபியுவில் பிராசஸுக்கு 2 கேபி. பல திரெட் உள்ள நிரலுக்கு அது துல்லியத்தையும் வேகத்தையும் தருகிறது. ஒரு நொடியில் முடியும் ஷெல் கட்டளைக்கு வெறும் செலவு. சிபியுவுக்கு ஒன்று என்பதற்குப் பதில் நூமா கணுவுக்கு ஒன்று போதுமா என்று பாருங்கள். 128 பிரதிகள் இரண்டாகவோ எட்டாகவோ குறையும், போட்டி பெரும்பாலும் தாங்கக்கூடியதாகவே இருக்கும். பயனர் நிரல்களின் ஒதுக்கிகளுக்கு 6.3இல் இன்னொரு வழி வந்தது. சிபியு எண்ணை வைத்துப் பிரதியைத் தேர்ந்தெடுக்காமல், ஒரு பிராசஸில் ஒரே நேரத்தில் ஓடும் திரெடுகளுக்குக் கெர்னல் 0 முதல் வரிசையாகத் தரும் எண்ணை வைத்துத் தேர்ந்தெடுக்கலாம். 4 சிபியுவில் மட்டும் ஓட அனுமதிக்கப்பட்ட நிரலில் 200 திரெட் இருந்தாலும் ஒரே நேரத்தில் ஓடுவது நான்குதான்; கணினியில் 128 சிபியு இருந்தாலும் பிரதிகள் நான்கைத் தாண்டத் தேவையில்லை.